மூன்றாவது ஓலை

மார்கிறட்டுக்குக் கோபம் வந்தால் இடியப்பம் கல்லாகிவிடும் என்று மட்டக்களப்புத் தாண்டவன்வெளியில் ஒரு பேச்சு இருந்தது. அது சுத்தப் பொய். கோபம் வந்த நாளில்தான் அவள் மாவைச் சரியான பதத்தில் குழைப்பாள், உரலில் அடைத்து ஒரே அமுக்காக அமுக்குவாள், இழை அறாமல் விழும். எழுபது தட்டும் அவிந்து இறங்கும்வரை வாயைத் திறக்கமாட்டாள். திறந்தால் அல்லவா தெரியும், அடுப்புச் சூடு எது, அவள் சூடு எது என்று.

அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. கலியாணம் முடிக்கவில்லை. வாவியோரம் இரண்டு அறையும் சமைக்க ஒரு குசினியுமாக ஓடு போட்ட வீடு ஒன்று வைத்திருந்தாள். இடியப்பம் விற்றுத் தானே கட்டிய வீடு. இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது, ஏனென்றால் வந்த வினையெல்லாம் வீட்டால் வந்த வினை. மட்டக்களப்பில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் மாப்பிள்ளை எடுக்க முடியாது. மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்துதான் குடியிருப்பான். மார்கிறட்டின் தகப்பன் ஒரு வீடு கட்டி மூத்தவள் செசீலியாவுக்குக் கொடுத்தார். இளையவளுக்கு அத்திவாரம் வெட்டிய மாதமே நெருப்புக் காய்ச்சல் வந்து கண்ணை மூடிவிட்டார். வெட்டிய கிடங்கில் இரண்டு மாரிக்குத் தவளைதான் குடியிருந்தது.

அறுபத்தொன்பதாம் ஆண்டு ஆனி மாதம் செசீலியாவின் மகள் றோஸ்மேரிக்குக் கலியாணம் பொருந்தியது. பெயர் பதியப் பங்குக் குருவான சுவாமியின் அறைக்குத் தாயும் மகளும் போனார்கள். ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்திய ஞானத்தாய் என்ற முறையில் மார்கிறட்டும் கூடப் போனாள். சுவாமி புதிதாக வந்தவர், முப்பது வயதுக்காரர், கோயிலில் லத்தீன் போய்த் தமிழ் வந்தபிறகு குருப்பட்டம் பெற்றவர். எதையும் சிரித்துக்கொண்டே கேட்கிற சுபாவம்.

"ஞானத்தகப்பன் ஆரு?"

"வின்சன்ற், சுவாமி. திருகோணமலையில கிளாக்கரா இருக்கிறார்," என்றாள் செசீலியா.

"அப்ப ஞானத்தகப்பனும் ஞானத்தாயும் புருசன் பெண்சாதியா?"

செசீலியா நெஞ்சில் கை வைத்தாள். "என்ன சுவாமி இப்பிடிக் கேக்கிறீங்க. ஒரு பிள்ளைய ஏந்தினவங்க ஆளையாள் எப்பிடிக் கட்டுற? பாவமெல்லுவா. கூடப்பிறந்தவங்க மாதிரித்தானே."

"ஆர் சொன்ன அப்பிடி?" சுவாமி எழுதுவதை நிறுத்தவுமில்லை. "ஏந்தின பிள்ளையைக் கட்ட ஏலா. ஏந்தினவங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கட்டுறதுக்கு ஒரு தடையும் இல்ல."

மார்கிறட் அதுவரை யன்னல் வழியே முற்றத்துக் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது திரும்பினாள்.

"எப்ப இருந்து சுவாமி? இப்ப எல்லாத்தையும் மாத்துறாங்களே, அதோடயா?"

"இல்லக்கா. நீங்க பிறக்கிறதுக்கு முன்னமே சட்டம் இதுதான்."

அவள் எழுந்து வெளியே போனாள். குடையை மறந்துவிட்டுப் போனாள். றோஸ்மேரி குடையோடு பின்னால் ஓடினாள், சின்னம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

நாற்பத்தெட்டாம் ஆண்டு நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். வின்சன்ற் தெருக்கோடிப் பிறிஜித்தம்மாவின் ஒரே மகன். அவனுக்கு அப்போது இருபத்தைந்து வயது, மார்கிறட்டுக்கு இருபத்திரண்டு. இரண்டு வருடமாக ஞாயிறு பூசை முடிந்து வாவிக்கரை வழியே பத்தடி இடைவெளி விட்டு ஒன்றாக நடந்தவர்கள். பத்தடி இடைவெளியில் நடந்தால் ஊருக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்ததும், ஊர் தெரியாததுபோல் இருந்ததும் அந்தக் காலத்து மரியாதை. தவளை கத்தும் அந்தக் கிடங்கின் ஓரத்தில் நின்று ஒருநாள் அவன் சொன்னான், "அத்திவாரம் வெட்டித்தானே கிடக்கு. மிச்சத்தை நான் கட்டுறன்." அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் மனதுக்குள் குசினி எங்கே, கிணறு எங்கே என்று முழு வீட்டையும் கட்டி முடித்துவிட்டாள்.

அப்போது செசீலியாவுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. அதுவரை அந்த வீட்டு வாசலை மிதிக்காத பிறிஜித்தம்மா ஒரு பிள்ளைச் சட்டையும் தொப்பியும் கொண்டு வந்தாள். தன் மகன் ஞானத்தகப்பனாக நிற்கட்டும் என்று கேட்டாள். கேட்டதும் வீடு குளிர்ந்துபோயிற்று. சம்பந்தம் கலக்கத்தான் வருகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். மார்கிறட் தலையில் முக்காடு போட்டுப் பிள்ளையை ஏந்த, வின்சன்ற் மெழுகுதிரி பிடிக்க, றோஸ்மேரிக்குத் தண்ணீர் வார்த்தாயிற்று. வீட்டுக்கு வந்து பந்தியில் இருக்கும்போது பிறிஜித்தம்மா எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "இண்டையில இருந்து என்ட மகனுக்கு ஒரு தங்கச்சி கிடைச்சிட்டா. ஒரு பிள்ளைய ஏந்தின கை ஒரு வயித்தில பிறந்த கை." கோயில் மூப்பர் அருளப்பு சோற்றுக் கையோடு தலையாட்டினார். "ஓம், அது சட்டம். அதை மீறினா நரகம்," என்றார்.

அந்த வீட்டில் யாரும் சுவாமியிடம் போய்க் கேட்கவில்லை. அப்போதைய சுவாமி வெள்ளைக்காரர், கடவுளோடு லத்தீனில் பேசுகிறவர். சட்டம் என்றால் மூப்பர் சொல்வதுதான் சட்டம். இரண்டு மாதத்தில் வின்சன்ற் திருகோணமலைக்குப் போனான். வருட முடிவில் ஜோசப்பின் என்ற பெண்ணைக் கட்டினான். வீட்டோடு பெண், மாமனார் எடுத்துக் கொடுத்த வேலை. வருடாவருடம் நத்தார்ப் பெருநாளுக்கு ஞானப்பிள்ளைக்கு ஒரு பார்சல் வரும். அந்தப் பார்சலின் சணல்கட்டை அவிழ்த்துச் சுருட்டி மார்கிறட் ஒரு பிஸ்கட் தகரத்தில் வைத்திருந்தாள். தன்னைக் காண முடியாமல்தான் அவன் ஊரைவிட்டுப் போனான் என்று அவள் நம்பியிருந்தாள். ஜோசப்பின் செத்து மூன்று வருடம் என்று கேள்விப்பட்டபோதும், தடை தடைதானே என்று பேசாமல் இருந்தாள்.

அந்தத் தடைதான் இல்லையாம். இருந்ததே இல்லையாம்.

அடுத்த நாள் காலை உரலின் கைப்பிடி இரண்டாக முறிந்தது. வேப்பங்கட்டைக் கைப்பிடி, பதினொரு வருடம் உழைத்தது. பக்கத்து வீட்டுப் பாலசுந்தரி, தினமும் கூட நின்று அவித்துக் கொடுப்பவள், முறிந்த துண்டைப் பொறுக்கி எடுத்தாள்.

"ஆரைக்கா அமுக்கினாய்?"

"செத்தவளை."

செத்தவளையும் அவள் சும்மா விடவில்லை. கடைகளுக்கு இடியப்பம் போனதும் நேரே சேமக்காலைக்குப் போனாள். பிறிஜித்தம்மாவின் கல்லறையில் யாரோ வைத்த பூ காய்ந்து கிடந்தது. மார்கிறட் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"எணேய், கிடக்கிறயா சுகமா? உனக்கு வீடுதானே வேணும். இந்தா, ஆறடியில கிடைச்சிருக்கு. நானும் கட்டிட்டன். ரெண்டு அறை. வந்து பாக்கிறயா? சட்டை கொண்டு வந்தயே, தொப்பி கொண்டு வந்தயே, வாயில சீனியும் வயித்தில நஞ்சுமா. எனக்கு நாலு பிள்ளை பிறந்திருக்கும். நாலுக்கும் பேர் வெச்சிருந்தன். நாலு பேரையும் நீ தின்னுட்டாய். நல்லாச் சமிச்சுதா?"

பக்கத்துக் கல்லறைக்கு மெழுகுதிரி கொளுத்த வந்த ஒரு கிழவர் கொளுத்தாமலே திரும்பிப் போய்விட்டார். மார்கிறட் அந்தக் காய்ந்த பூவை எடுத்து எறியப் போனாள், பிறகு எறியாமல் விட்டாள். செத்தவளோடு சண்டை போடுவதில் ஒரு குறை, அவள் திருப்பிப் பேசமாட்டாள்.

றோஸ்மேரியின் கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்க வின்சன்ற் வந்தார். இனி அவரை 'அவன்' என்று எழுத முடியாது, தலை நரைத்துக் கண்ணாடி போட்ட மனிதர். வந்த அன்று காலையே கையில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டு வேலிப் படலையைத் திறந்தார். மார்கிறட் முற்றத்தில் உட்காரக் கதிரை போட்டாள். அவளுக்கு அன்று அவர்மேல் ஒரு துளி கோபமும் இல்லை. இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். அந்தச் செய்தியை அவருக்குச் சொல்லவேண்டும், இரண்டு பேரும் ஏமாந்தோம் என்று சேர்ந்து திட்டவேண்டும், திட்டி முடிந்தபிறகு, யார் கண்டது, திட்டுக்கு அங்கால் வேறு ஏதும் இருக்கலாம் என்று அவள் வாரக்கணக்காகக் காத்திருந்தாள். புதுச் சேலை கூட உடுத்திருந்தாள்.

தேத்தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னாள். சுவாமி சொன்னதை அப்படியே, ஒரு சொல் விடாமல் சொன்னாள். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

அந்த முகம் மாறவில்லை. திடுக்கிடவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சால்வையில் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள் மார்கிறட்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"எப்ப இருந்து?"

"அந்தக் கிழமையே," என்றார். "ஞாயித்துக்கிழமை ஏந்தின. வியாழக்கிழமை வெள்ளைச் சுவாமிட்டப் போய்க் கேட்டன்."

"அவர் என்ன சொன்ன?"

"சிரிச்சார். அப்பிடி ஒரு சட்டமும் இல்ல, போய்க் கட்டு எண்டார்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்று உலகத்தில் ஒரு பழமொழி இருக்கிறது. இங்கே சாமியும் கொடுத்திருக்கிறது, பூசாரியும் கொடுத்திருக்கிறார். வரம் வாங்கப் போனவன் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டான். இந்தக் கூத்துக்கு எந்தப் பழமொழியைச் சொல்வது?

"மறுகா ஏன் என்னட்டச் சொல்லல்ல?"

"அம்மா திருகோணமலையில பேசி முடிச்சிட்டா. வேலையும் அதோட. எனக்கு அப்ப ஒரு வேலையும் இல்ல, மார்கிறட்."

"வீடும் அதோட."

"ஓம். வீடும்."

"அதை என்ட முகத்துக்கு நேர சொல்லியிருக்கலாமே. உனக்கு வீடில்ல, நான் வீடுள்ளவளைக் கட்டப்போறன் எண்டு. நான் அழுதிருப்பன். ரெண்டு வருசம் அழுதிருப்பன். மறுகா எழும்பியிருப்பன்."

"நீ என்னை வெறுத்திருவாய் எண்டு பயந்தன்."

மார்கிறட் அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கினாள். மிச்சத் தேத்தண்ணீரை வாழையடியில் ஊற்றினாள். திரும்பி வந்து பேசியபோது அவள் குரல் உயரவில்லை. 'நீங்க' என்பது 'நீ' ஆகவுமில்லை.

"நான் உங்களை வெறுக்கக் கூடாது. அதுக்காகக் கடவுளை வெறுக்கட்டும் எண்டு விட்டீங்க. இருபத்தொரு வருசம் நான் கோயிலுக்குப் போய் அவரோட சண்டை பிடிச்சன். அவர் ஒரு பிழையும் செய்யல்ல. நீங்க பார்சல் அனுப்பிக்கொண்டு இருந்தீங்க. எழும்பிப் போங்க."

அவர் எழுந்து போனார். அவள் உள்ளே போய் அந்தப் பிஸ்கட் தகரத்தை எடுத்து, இருபத்தொரு சணல்கட்டையும் அடுப்பில் போட்டாள். சணல் நன்றாக எரியும். அந்த நெருப்பில் ஒரு சுண்டு அரிசி வேகும் என்று பிறகு பாலசுந்தரியிடம் சொன்னாள்.

கலியாணம் நடந்தது. கோயிலுக்கு இறங்குமுன் றோஸ்மேரி முழங்காலில் நின்று ஆசீர்வாதம் கேட்டபோது, ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அவள் நெற்றியில் சிலுவை போட்டார்கள். பக்கத்தில் நின்றவர்களுக்கு நடுவில் ஒரு வள்ளம் போகும். படம் பிடிக்க வந்தவர் "அம்மா, கொஞ்சம் ஐயாவோட கிட்ட நில்லுங்க" என்றார். மார்கிறட் பார்த்த பார்வையில் அவர் படப்பெட்டியைக் கொஞ்சம் பின்னுக்குக் கொண்டு போனார்.

திங்கட்கிழமை வின்சன்ற் மறுபடியும் வந்தார். இந்த முறை படலையைத் திறக்கவில்லை, வெளியே நின்றார். அவள் மாவு அரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் வேலையில மாற்றம் எடுத்துக்கொண்டு இஞ்ச வாறன்," என்றார். "பிள்ளையள் ரெண்டும் தங்கட பாட்டில போயிட்டாங்க. உனக்கு விருப்பம் எண்டா… நான் கேக்கிறதுக்குத் தகுதியில்லாதவன். எண்டாலும் கேக்கிறன். என்னைக் கட்டுவயா?"

"உடுப்புத் தோய்க்க ஆள் வேணுமா?"

"இல்ல. நானே தோய்ப்பன். சமைக்கவும் தெரியும்."

"வீடு வேணுமா? இந்த வீட்டில ரெண்டு அறை."

அந்த வார்த்தைக்கு அவர் தலை குனிந்தது. போகவில்லை, அங்கேயே நின்றார். வெயில் ஏறியது. தெருவால் போன சபூரா, காத்தான்குடியிலிருந்து பாய் விற்க வருகிறவள், "ஆருகா இது, அஞ்சல்காரனா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பத்து மணிக்கு அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். செவ்வாயும் வந்தார். புதனும் வந்தார்.

புதன்கிழமை பாலசுந்தரிக்குப் பொறுமை போயிற்று. "துரத்திறயெண்டா ஒரேயடியாத் துரத்து. இல்லாட்டி உள்ளுக்குக் கூப்பிடு. என்னத்துக்கு இந்த இழுவை?"

"அவரைக் கண்டா எனக்கு நெஞ்சு பத்தி எரியுது."

"விருப்பம் இல்லாத ஆளைக் கண்டு ஆருக்குகா நெஞ்சு எரியும்? எனக்கு என்ட புருசனைக் கண்டா நித்திரைதான் வருது."

மார்கிறட்டுக்கு அழுகை வந்தது. அதுதான் அவளுக்குப் பெரிய அவமானம். இத்தனையும் தெரிந்த பிறகும் அந்த மனிதர் படலையில் நிற்கிறாரா என்று காலையில் கண் தேடுகிறது. தன்மேலேயே கோபம் வந்தது. இவரை ஏற்றுக்கொண்டால் அந்தப் பொய்யையும் விழுங்கியதாகும், பொய்யைச் சொன்னவர்களெல்லாம் நல்லவர்களாகவே செத்ததாகும். துரத்திவிட்டால் மிச்ச வருடங்களையும் பிறிஜித்தம்மாவுக்கே தின்னக் கொடுத்ததாகும். பானையில் தண்ணீர் வற்றி அடித்தட்டு இடியப்பம் கருகியது.

அவள் படலைக்குப் போனாள்.

"வாங்க, சுவாமிட்டப் போவம். ஓலை போடுங்க. மூண்டு ஞாயிறும் நீங்க முன்வரிசை வாங்கில இருக்கவேணும். சுவாமி தடை கேக்கக்குள்ள நான் எழும்புவன். எந்த ஞாயிறு எண்டு சொல்லமாட்டன். என்ன சொல்லுவன் எண்டும் சொல்லமாட்டன்."

"என்ன சொல்லப்போறாய் எண்டு உனக்கெண்டாலும் தெரியுமா?"

"தெரியா," என்றாள் மார்கிறட். அது உண்மை.

ஓலை என்பது, கலியாணம் முடிக்கப் போகிறவர்களின் பெயரை மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பது. தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சுவாமி கேட்பார். யாரும் சொல்லாவிட்டால் கலியாணம். அவர்கள் இரண்டு பேர் முகத்தையும் சுவாமி மாறி மாறிப் பார்த்தார். "அக்கா, ஓலை விளையாட்டில்ல," என்றார்.

"எனக்கு அது ஒருநாளும் விளையாட்டா இருக்கல்ல, சுவாமி. வாசியுங்க."

முதல் ஞாயிறு பெயர் வாசித்ததும் கோயிலுக்குள் குளவிக்கூடு கலைந்தது. ஒரு பிள்ளையை ஏந்தினவர்கள். கடவுளே. வின்சன்ற் முன்வாங்கில் பிடரி வேர்க்க இருந்தார். பெண்கள் பக்கத்தில் மார்கிறட் அசையவில்லை. அந்த வாரம் அவள் கொடுத்துவந்த இரண்டு கடையில் ஒரு கடை அவள் இடியப்பத்தை நிறுத்தியது. படலையில் வாங்குகிற ஒருத்தி, "நாங்க பிள்ளை குட்டிக்காரர், தோசம் தொத்தும்" என்று வெறுந்தட்டோடு போனாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இரண்டாம் ஞாயிறும் அவள் எழும்பவில்லை. பூசை முடிந்து வெளியே வரும்போது மூப்பர் அருளப்பு பொல்லை ஊன்றிக்கொண்டு வழியை மறித்தார். எழுபத்தொரு வயது, பல் போனது, வாய் போகவில்லை.

"வயசு போன காலத்தில உனக்கு மாப்பிள்ளை கேக்குதா? அதுவும் அண்ணன் முறைக்காரனை? வெக்கமில்லையா?"

வின்சன்ற் ஐந்தடி தூரத்தில் நின்றார். எல்லாம் கேட்டது. அவர் வாய் திறந்தது. மூடியது. சால்வையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார்.

மார்கிறட் கண்டாள். மூப்பருக்கு ஒரு வார்த்தையும் சொல்லாமல் வீட்டுக்கு நடந்தாள். வாவிக்கரையில் வின்சன்ற் பின்னால் வந்தார், அதே பத்தடி இடைவெளியில்.

"நாற்பத்தெட்டாம் ஆண்டு எப்பிடி எண்டு இண்டைக்குக் கண்ணால கண்டன்," என்றாள் திரும்பாமலே. "சந்தோசம். இனி மூண்டாம் ஞாயிறு நான் என்ன சொல்லவேணும் எண்டு எனக்குத் தெரியும்."

அந்த வாரம் அவர் படலைக்கு வரவில்லை. உரலுக்குப் புதுக் கைப்பிடி போட்டாயிற்று, அதைப் பிடிக்கக் கை கூசியது. சனிக்கிழமை அவள் செசீலியாவிடம் போய், நாளைக்குத் தடை சொல்லப்போவதாகச் சொன்னாள். என்ன தடை என்று அக்கா கேட்டாள். "அந்த ஆளின்ட வாய்," என்றாள் மார்கிறட். செசீலியா தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்றாம் ஞாயிறு கோயில் நிறைந்து வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். பெருநாளுக்கும் அவ்வளவு கூட்டம் வராது. அடுத்த வீட்டு வினை பார்க்க வருகிற கூட்டத்துக்குக் கால் நோகாது. வின்சன்ற் முன்வாங்கில் இருந்தார். சவரம் செய்யவில்லை. சுவாமி கடிதத்தை விரித்தார். "மூன்றாம் முறையும் கடைசி முறையும்" என்று தொடங்கி இருவர் பெயரையும் வாசித்தார். தடை அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்றார்.

மார்கிறட் முக்காட்டைச் சரிசெய்தாள். அவள் எழும்புவதற்குள் ஆண்கள் பக்கத்தில் ஒரு பொல்லு நிலத்தில் தட்டியது.

"தடை இருக்கு," என்றார் மூப்பர் அருளப்பு. "ஒரு பிள்ளைய ஏந்தின ஆக்கள். நாற்பது வருசம் இந்தக் கோயில்ல மூப்பரா இருந்தவன் சொல்லுறன். இது பாவம்."

சுவாமி மறுமொழி சொல்ல வாயெடுத்தார். மார்கிறட் எழுந்து நின்றாள். பெண்கள் பக்கம் முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டது.

"நீங்க சொல்ல வேணாம் சுவாமி," என்றாள். "இதுக்கு மறுமொழி தெரிஞ்ச வேற ஆள் இஞ்ச இருக்கிறார். இருபத்தொரு வருசமாத் தெரிஞ்ச ஆள். அவர் சொல்லட்டும். சொல்லாட்டி நான் தடை சொல்லுறன்."

எல்லாத் தலையும் முன்வாங்குக்குத் திரும்பியது. வின்சன்ற் குனிந்து இருந்தார். கை சால்வைக்குப் போனது. மார்கிறட் அந்தக் கையையே பார்த்தாள். கண்ணாடியைத் தொட்டால் போதும், எல்லாம் முடிந்தது, திருகோணமலைக்குப் பஸ் ஏறலாம்.

கை சால்வையை விட்டது. முன்வாங்கின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்தார். பீடத்தைப் பார்த்து அல்ல, சனங்களைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"தடை இல்ல," என்றார். குரல் பிசிறியது. "அப்பவும் இருக்கல்ல. நான் அந்தக் கிழமையே அப்ப இருந்த சுவாமிட்டக் கேட்டனான். கட்டலாம் எண்டுதான் சொன்னார். எனக்கு மட்டுந்தான் தெரியும். நான் வீட்டுக்கும் வேலைக்கும் ஆசைப்பட்டு வாயை மூடினனான். சட்டத்தில பழியைப் போட்டுட்டு ஓடினனான். அம்மா செய்தது ஒரு பங்கு. நான் செய்தது மூண்டு பங்கு. மூப்பரே, அவளில ஒரு பிழையும் இல்ல. இனி அவளை ஆரும் ஒண்டும் பேசவேணாம். பேசிறதெண்டா என்னைப் பேசுங்க."

ஒரு பிள்ளை எங்கோ அழுதது. மூப்பர் அருளப்பு சுவாமியைப் பார்த்தார். சுவாமி தலையசைத்தார். கிழவர் மெல்ல உட்கார்ந்தார், பொல்லு கையிலிருந்து நழுவி விழுந்ததை எடுக்கவுமில்லை.

"மார்கிறட்," என்றார் சுவாமி, "நீங்க தடை ஏதும் சொல்லுறீங்களா?"

மூன்று வாரமாக அடுக்கி வைத்த வார்த்தைகள் அவள் வாயில் இருந்தன. ஒவ்வொன்றும் கூர் தீட்டியது. அவள் அந்த நரைத்த மனிதரைப் பார்த்தாள். அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார், கண்ணை இறக்கவில்லை. நாலு பிள்ளைகளின் பெயரும் ஒருமுறை அவள் மனதில் வந்து போயின.

"இல்ல சுவாமி," என்றாள். "அப்பவும் இருக்கல்ல. எல்லாரும் கேட்டிருப்பீங்க." உட்கார்ந்தாள்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது சனம் விலகி வழி விட்டது. வெறுந்தட்டோடு போனவள் ஏதோ சொல்ல வந்தாள், மார்கிறட் நிற்கவில்லை. வாவிக்கரைக்கு வந்தபிறகுதான் பின்னால் காலடி கேட்டது. பத்தடி தூரத்தில் வின்சன்ற் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சொல்லிட்டன், மார்கிறட். போதுமா?"

"போதாது," என்றாள் அவள். "ஏன் அங்க நிக்கிறீங்க? கிட்ட வந்து நடங்க."